பருவத்தின் மதகு

கைக்குழந்தை நடப்பதில்லை. அதன் கால்களில் இன்னும் வலு ஏறவில்லை. உடலை நிமிர்த்தி நிறுத்தும் பயிற்சியும் கைகூடவில்லை. ஆகவே அது தவழ்கிறது, நடைக்குக் காத்திருக்கிறது. இதில் நமக்கு வியப்பு ஒன்றும் இல்லை. இயலாத ஒன்று இயல்வதற்குக் காலம் வேண்டும் என்பதை யாவரும் அறிவோம்.

ஆனால் உயிர்களின் உடலில் வேறொரு வகையான காத்திருத்தலும் உண்டு. பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சூலகங்களில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட முட்டை உயிரணுக்கள் அமைந்துள்ளன. பிறந்த பின்னர் அவை புதிதாக உண்டாவதில்லை என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. ஆண் குழந்தைக்கும் விந்தகங்கள் பிறவியிலேயே உள்ளன. உறுப்பு இருக்கிறது, அதற்கு வேண்டிய குருதி ஓட்டமும் இருக்கிறது. எனினும் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அவை அமைதியாகவே இருக்கின்றன. பிறகு ஒரு காலம் வருகிறது. குரல் மாறுகிறது, உயரம் விரைந்து கூடுகிறது, உடலின் வடிவம் மாறுகிறது. அதனைப் பருவமடைதல் என்கிறோம்.

இந்தப் பத்தாண்டு அமைதிக்குக் காரணம் யாது? இரண்டு விடைகள் கூறலாம். அவ்வுறுப்புகளுக்கு இன்னும் ஆற்றல் வரவில்லை என்பது ஒன்று. ஆற்றல் உண்டு, ஆனால் ஏதோ ஒன்று அதனைத் தடுத்து வைத்திருக்கிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டில் எது உண்மை? ஊகத்தால் இதனை முடிவு செய்ய இயலாது. ஆய்வுக்கூடத்து விலங்குகள்தாம் இதற்கு விடை அளித்தன.

அவ்விடையின் ஒரு பகுதியைக் காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கடலூருக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தில் பரங்கிப்பேட்டை உள்ளது. போர்ச்சுகீசியர் இதனைப் போர்ட்டோ நோவோ, அதாவது புதுத்துறைமுகம், என்று அழைத்தனர். 1929-இல் சிதம்பரத்தில் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம், பேராசிரியர் ஆர். வி. சேஷய்யாவின் முயற்சியால், 1950-களில் இவ்வாற்றங்கரையில் கடல் உயிரியல் நிலையம் ஒன்றை வளர்த்தது. பின்னர் அது உயர் ஆய்வு மையமாக உயர்ந்தது. கழிமுகத்தின் உப்பும் வண்டலும், அங்கு வாழும் நண்டும் இறாலும் மீனும், கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களும் அங்கே தலைமுறை தலைமுறையாக ஆராயப்பட்டு வருகின்றன.

வெள்ளாற்றுக்குத் தெற்கே கிள்ளையும் பிச்சாவரமும் உள்ளன. சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரை வழங்கிய தில்லை மரம் இன்றும் பிச்சாவரத்துச் சதுப்புக் காட்டில் வளர்கிறது. அக்காட்டின் ஓடைகளில் இருளர் மக்கள் இடுப்பளவு நீரில் நின்று, சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிப்பதைக் காணலாம். அவர்கள் பிடிக்கும் இறால்களில் ஒரு புதுமை உண்டு. வெள்ளை இறால், புலி இறால் ஆகிய இனங்களைப் பொறுத்த வரையில், கழியில் அகப்படுபவை பெரும்பாலும் இளையவை. முதிர்ந்த சூலகத்தோடு முட்டையிடும் நிலையில் உள்ள தாய் இறாலை அங்கே காண்பது அரிது.

காரணம் அவற்றின் வாழ்க்கை முறையிலேயே இருக்கிறது. தாய் இறால் கரைக்கு அப்பால், கடலில்தான் முட்டையிடுகிறது. ஒருமுறை இடும் முட்டைகள் இலட்சக்கணக்கில் இருக்கும். அவை பொரிந்து, பலமுறை உருமாறி, இரண்டு மூன்று வாரங்களில் நூலிழை போன்ற குஞ்சுகளாகி, நீரோட்டத்தோடு கழிமுகத்துக்குள் நுழைகின்றன. அங்கே இரை மிகுதி. ஒளிந்து வாழ வேர்களும் சேறும் உண்டு. சில மாதங்கள் உண்டு வளர்கின்றன. பிறகு மீண்டும் கடலை நோக்கிச் செல்கின்றன. கடலை அடைந்த பின்னரே அவற்றின் சூலகம் முழுமையாக முதிர்கிறது. கழிமுகம் அவற்றுக்குப் பள்ளிக்கூடம் போன்றது. அங்கே வளர்ச்சி உண்டு, இனப்பெருக்கம் இல்லை.

இறால் பண்ணை வைத்தோர் இவ்வுண்மையைப் பட்டறிவால் கண்டனர். குளத்தில் வளர்த்த புலி இறால் உடல் பருத்தது, எடை கூடியது, ஆனால் சூலகம் எளிதில் முதிரவில்லை. உடல் பெரிதாகிவிட்டால் பருவம் தானே வந்துவிடும் என்பது பொய்த்தது. அப்படியாயின் அதனைத் தடுப்பது எது?

அதற்கான விடை 1943-இலேயே வெளிவந்திருந்தது. பிரான்சு நாட்டைச் சேர்ந்த பனூஸ் என்னும் விலங்கியலார், இனப்பெருக்கத்துக்கு உரியதல்லாத காலத்தில், ஓர் இறால் இனத்தின் கண்காம்புகளை அகற்றினார். இறாலின் கண் நம் கண்ணைப்போல் குழிக்குள் அமைந்ததன்று. அசையக்கூடிய ஒரு சிறு காம்பின் நுனியில் உள்ளது. அக்காம்பை நீக்கியதும் சூலகம் விரைந்து பருக்கத் தொடங்கியது. காம்பில் உள்ள சைனஸ் சுரப்பியை எடுத்து அவ்விறாலின் உடலுக்குள் பதித்தபோது அவ்வளர்ச்சி தடைப்பட்டது.

இதன் பொருளை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பார்வைக்கும் சூலகத்துக்கும் நேரான தொடர்பு இருந்தது என்பதன்று இது. கண்காம்புக்குள் நரம்பு உயிரணுக்களின் கூட்டம் ஒன்று உள்ளது. அதனை எக்ஸ் உறுப்பு என்பர். அது உண்டாக்கும் ஹார்மோன்கள் சைனஸ் சுரப்பியில் சேமிக்கப்பட்டுக் குருதியில் கலக்கின்றன. அவற்றுள் ஒன்று சூலகத்தின் வளர்ச்சியை அடக்கி வைப்பது. காம்பு போயிற்று, அடக்கும் பொருளும் குறைந்தது, சூலகம் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. ஆற்றல் முன்னரே இருந்தது. தடைதான் அதனை நிறுத்தி வைத்திருந்தது என்பது இதனால் தெளிவாயிற்று.

இறாலில் கண்டது பாலூட்டிகளுக்கும் பொருந்துமா? இறாலுக்கும் நமக்கும் உடலமைப்பில் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. ஹார்மோன்களும் வேறு, சுரப்பிகளும் வேறு. ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுதல் தகாது. பாலூட்டிகளைப் பற்றிய செய்தியைப் பாலூட்டிகளிடமே கேட்க வேண்டும். ஆய்வாளர் வெள்ளை எலியைத் தேர்ந்தனர். பெண் எலி பிறந்து ஐந்தாறு வாரங்களில் பருவமடைந்துவிடும். மனிதனில் பத்தாண்டு காத்திருந்து காண வேண்டியதை எலியில் ஒரு பள்ளி விடுமுறைக்குள் கண்டுவிடலாம்.

அமெரிக்காவில் ஃபிலிப் ஸ்மித் என்பவர் 1926-இலும் 1927-இலும் ஓர் ஆய்வை வெளியிட்டார். மூளையின் அடிப்புறத்தில் தொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பியை ஓர் எலியிலிருந்து எடுத்து, பருவமடையாத மற்றொரு பெண் எலியின் உடலில் நாள்தோறும் பதித்து வந்தார். சில நாள்களிலேயே அக்குட்டி எலியின் சூலகம் முதிர்ந்துவிட்டது. இளஞ்சூலகத்துக்கு ஆற்றல் இல்லை என்னும் கருத்து இதனோடு வீழ்ந்தது. கட்டளை வந்தால் அது உடனே பணி செய்யும். கட்டளை வராமையே அதன் அமைதிக்குக் காரணம்.

அங்ஙனமாயின் குட்டியின் பிட்யூட்டரிதான் ஆற்றலற்றதோ? 1952-இல் இங்கிலாந்தின் ஹாரிஸ் என்பவரும் சுவீடனின் யாக்கப்சோன் அம்மையாரும் இதற்கு விடை கண்டனர். வளர்ந்த பெண் எலிகளின் பிட்யூட்டரியை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் இளங்குட்டிகளின் பிட்யூட்டரியை மூளையின் அடிப்புறத்தைத் தொடுமாறு பதித்தனர். குட்டியின் சுரப்பி வளர்ந்த எலிக்குரிய வேலையைக் குறைவின்றிச் செய்தது. எலிகளுக்குச் சினைச் சுழற்சி மீண்டும் வந்தது. ஆகவே பிட்யூட்டரியும் குற்றமற்றது. அதற்கும் மேலே, மூளையில் உள்ள ஹைபோதாலமஸ் என்னும் பகுதியில்தான் மறைபொருள் உள்ளது என்பது உறுதியாயிற்று.

இங்கே பின்னூட்டம் என்னும் கருத்தை விளக்க வேண்டும். சிதம்பரத்துக்கு மேற்கே உள்ள வீராணம் ஏரியை நினைத்துக் கொள்ளுங்கள். கீழணையிலிருந்து வடவாற்றின் வழியாக அதற்கு நீர் வருகிறது. ஏரியின் முழு மட்டம் 47.50 அடி. வரத்து மதகில் ஒரு காவலன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவன் அளவுகோலைப் பார்க்கிறான். நீர் குறி மட்டத்துக்குக் கீழே இறங்கினால் மதகைத் திறக்கிறான்; குறி மட்டத்தைத் தொட்டால் மூடுகிறான். மதகின் செயலால் நீர் கூடுகிறது. கூடிய நீரே மதகை மூடச் செய்கிறது. விளைவு திரும்பி வந்து தன் காரணத்தையே அடக்குகிறது அன்றோ? இதுவே பின்னூட்டம்.

உடலில் ஹைபோதாலமஸ் பிட்யூட்டரியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி சூலகத்தையோ விந்தகத்தையோ தூண்டுகிறது. அவை பால் ஹார்மோன்களைச் சுரக்கின்றன. அந்த ஹார்மோன்கள் குருதியின் வழியே மூளைக்கும் பிட்யூட்டரிக்கும் திரும்பிச் சென்று, 'போதும்' என்று அடக்குகின்றன. 1932-இல் மூர் என்பவரும் டாரதி பிரைஸ் அம்மையாரும் எலிகளைக் கொண்டு இந்த எதிர்ச் செயலை விளக்கினர்.

இதனைக் கொண்டு பருவமடைதலை எங்ஙனம் விளக்கலாம்? குழந்தைப் பருவத்தில் காவலனின் குறி மட்டம் ஏரியின் தரையை ஒட்டி இருக்கிறது என்று கொள்வோம். சிறிது நீர் வந்தாலும் போதும். அவன் மதகை மூடிவிடுவான். நாளடைவில் அக்குறி மேலே உயர்த்தப்படுகிறது. முன்பு 'போதும்' என்று தோன்றிய அளவு இப்போது போதவில்லை, மதகு திறக்கிறது, ஏரி நிரம்புகிறது. 1963-இல் ராமிரெஸ், மெக்கான் என்னும் இருவர் எலிகளில் இதற்குச் சான்று கண்டனர். சூலகம் நீக்கப்பட்ட எலிகளுக்கு அளந்து பால் ஹார்மோன் தந்தபோது, பிட்யூட்டரியை அடக்க வளர்ந்த எலிக்கு வேண்டிய அளவைவிடக் குறைந்த அளவே குட்டி எலிக்குப் போதுமானதாக இருந்தது. குறி மட்டம் இடம் பெயர்கிறது என்பதை இது காட்டியது.

விளக்கம் அழகாக இருந்தது. ஆனால் அறிவியலில் அழகான விளக்கமும் அடுத்த சோதனைக்கு உட்பட்டாக வேண்டும். ரீசஸ் குரங்குகளில் அது சோதிக்கப்பட்டது. குழந்தைப் பருவத்துக் குரங்கின் சூலகத்தையோ விந்தகத்தையோ முழுவதும் நீக்கிவிட்டால், 'போதும்' என்று சொல்ல உடலில் பால் ஹார்மோன் ஏதும் எஞ்சாது. ஏரி வற்றிவிட்டது. ஆகவே காவலன் மதகை அகலத் திறக்க வேண்டும். எலிக்குட்டியில் அப்படியே நிகழ்கிறது. குரங்கிலோ, குழந்தைப் பருவத்தின் நடுவில், பிட்யூட்டரி ஆண்டுக்கணக்கில் அமைதியாகவே இருக்கிறது. உரிய வயது வந்த பின்னரே அது விழிக்கிறது. பிறவியிலேயே சூலகம் செயற்படாத பெண் குழந்தைகளிடமும் மருத்துவர் இதனையே கண்டனர்.

ஆகவே குரங்கிலும் மனிதனிலும் ஏரியின் மட்டம் மட்டுமே காவலனை ஆளவில்லை. 'இன்னும் திறக்காதே' என்று அவனுக்கு மூளையின் உள்ளிருந்தே ஆணை வருகிறது. தடை சூலகத்திலிருந்து திரும்பி வருவது மட்டுமன்று. நரம்பு மண்டலத்திலேயே ஊன்றியிருப்பது. இந்த ஒரு கூறில், எலியைக் காட்டிலும் நம் கழிமுகத்து இறாலே நமக்கு நெருங்கி நிற்பதாகத் தோன்றுகிறது. இறாலின் கண்காம்பில் உள்ள தடையும் நரம்பு மண்டலத்தின் தடையே. பொருள்கள் வேறாயினும் அமைப்பு முறையில் ஓர் ஒப்புமை உண்டு. இதனை உறவு என்று கொள்ளலாகாது. ஒப்புமை என்ற அளவிலேயே நிறுத்துதல் வேண்டும்.

அந்த ஆணை எப்படி நீங்குகிறது? ஹைபோதாலமஸ் பிட்யூட்டரியைத் தூண்டப் பயன்படுத்தும் விடுவிப்பு ஹார்மோனின் அமைப்பு 1971-இல் தெரிய வந்தது. அதனைக் கண்டறிந்த ஷாலி, கிய்மன் ஆகிய இருவரும் 1977-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றனர். பின்னர் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நோபில் என்பவரும் அவர்தம் குழுவினரும் அதன் இயல்பை நுணுகி ஆராய்ந்தனர். அவ்வியல்பு விந்தையானது. விடுவிப்பு ஹார்மோன் ஓடை நீர்போல் இடையறாது ஓடினால் பிட்யூட்டரி சோர்ந்து செயலற்றுப் போகிறது. ஏறத்தாழ மணிக்கு ஒருமுறை, நாடித் துடிப்புப்போல் விட்டு விட்டு வந்தால்தான் அது பணி செய்கிறது.

1980-இல் இக்குழுவினர் பருவமடையாத பெண் குரங்குகளுக்கு அந்த ஹார்மோனை மணிக்கு ஒருமுறை செலுத்தினர். குழந்தைக் குரங்குகளுக்கு வளர்ந்த குரங்குகளைப்போல் மாதச் சுழற்சி தொடங்கியது. செலுத்துவதை நிறுத்தியதும் அவை மீண்டும் குழந்தை நிலைக்குத் திரும்பின. பருவமடைதல் என்பது ஒருமுறை ஏறினால் இறங்கவியலாத படியன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? கீழ்நிலை உறுப்புகள் யாவும் ஆயத்தமாகவே இருந்தன. மேலிருந்து துடிப்பு வருதல் ஒன்றே குறையாக இருந்தது.

அத்துடிப்பை எழுப்புவது எது என்னும் கேள்விக்கு 2003-இல் மற்றொரு துப்புக் கிடைத்தது. சில குடும்பங்களில் ஆணும் பெண்ணும் பருவமடையாமலே இருந்தனர். அவர்களிடம் கிஸ்பெப்டின் என்னும் பொருளை ஏற்கும் ஏற்பியின் மரபணு பழுதுபட்டிருந்தது. அதே மரபணு இல்லாத சுண்டெலிகளும் பருவமடையவில்லை. விடுவிப்பு ஹார்மோனைச் சுரக்கும் நரம்பணுக்களைத் தட்டி எழுப்பும் பொருள்களுள் கிஸ்பெப்டின் முதன்மையானது என்பது இதனால் விளங்கிற்று. அமெரிக்காவில் ஹெர்ஷி என்னும் ஊரில், 1996-இல், புற்றுநோய் ஆராய்ச்சியின்போது கிஸ்பெப்டினுக்குரிய மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. அவ்வூரின் பெயர்பெற்ற கிஸ் என்னும் சாக்லெட்டை ஒட்டியே அதற்குப் பெயரும் அமைந்தது.

தடை நீங்கும் காலத்தை மூளை எவ்வாறு அறிகிறது? இதற்கு ஒற்றை விடை இல்லை. மூளை பல செய்திகளைக் கேட்டே முடிவு செய்கிறது. உணவு அவற்றுள் முதலாவது. எலிக்குட்டிகளுக்கு உணவு குறைந்து வளர்ச்சி தளர்ந்தால் பருவம் தள்ளிப்போகும். கொழுப்பு உயிரணுக்கள் சுரக்கும் லெப்டின் என்னும் ஹார்மோன் 1994-இல் அறியப்பட்டது. உடலின் சேமிப்பு எவ்வளவு என்பதை மூளைக்குச் சொல்லும் தூதுகளில் அதுவும் ஒன்று. சூழலும் பேசுகிறது. வாண்டன்பர்க் என்பவர் 1967-இல் ஒன்றைக் காட்டினார். வளர்ந்த ஆண் சுண்டெலியின் அருகில் வளரும் பெண் சுண்டெலிகள் முன்னதாகவே பருவமடைகின்றன. ஆணின் சிறுநீர் மணமே அதற்குக் காரணமாகிறது. நம் இறாலும் அவ்வாறே. கழியைவிட்டுக் கடலுக்குச் செல்லும்போது நீரின் உப்பு, ஆழம், ஒளி, இரை யாவும் மாறுகின்றன. அம்மாறுதல்கள் நரம்பு மண்டலத்தின் வழியே கண்காம்பின் தடையைத் தளர்த்துகின்றன எனக் கொள்வது பொருத்தமாகும்.

இவ்வறிவால் உலகுக்கு விளைந்த பயன் யாது? இரண்டு பயன்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் எதிரெதிர்த் திசையில் செல்பவை.

சில குழந்தைகளுக்கு ஆறு, ஏழு வயதிலேயே பருவமாற்றம் தொடங்கிவிடுகிறது. தொடக்கத்தில் அக்குழந்தை தோழர்களைவிட உயரமாக இருக்கும். ஆனால் பால் ஹார்மோன் எலும்பின் வளரும் நுனிகளை விரைவில் மூடிவிடும். பிறகு உயரம் கூடாது. வயதுக்கு மிஞ்சிய உடலைச் சுமந்து அச்சிறு மனம் படும் துன்பமும் உண்டு. விடுவிப்பு ஹார்மோன் இடையறாது வந்தால் பிட்யூட்டரி ஓய்ந்துவிடும் என்று மேலே கூறினேன் அன்றோ? அதனையே மருத்துவர் மருந்தாக்கினர். அந்த ஹார்மோனை ஒத்த, நெடுநேரம் நிலைத்து நிற்கும் பொருளைச் செலுத்தி, 1980-களின் தொடக்கம் முதல் இத்தகைய குழந்தைகளின் பருவத்தை உரிய வயது வரை நிறுத்தி வைக்கின்றனர். மருந்தை நிறுத்தினால் பருவம் தன் வழியே தொடர்கிறது. குரங்கின் ஆய்வு குழந்தைக்குக் காப்பாயிற்று. இங்கே தடை மீண்டும் ஊன்றப்படுகிறது.

மற்றொரு பயன் தடையை உடைப்பது. தாய் இறால் கடலிலிருந்துதான் வரவேண்டும் என்றால் பண்ணைகளுக்குக் குஞ்சு போதாது. ஆகவே 1970-களில் உலகின் பல நாடுகளில் ஆய்வாளர் பனூசின் முறையைக் கையாண்டனர். இரு கண்காம்புகளையும் நீக்கினால் இறால் பெரும்பாலும் மடிந்துவிடும். ஒன்றை மட்டும் நீக்கினால் பிழைத்து, சில நாள்களில் சூல் கொள்ளும். கேரளத்து நாரக்கல்லில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் நம் நாட்டு வெள்ளை இறாலை இம்முறையால் முதிரச் செய்தனர். குஞ்சு பொரிப்பகங்களில் இது வழக்கமாகிப் பரவியது. 2009 முதல் நம் நாட்டில் வளர்க்கப்படும் வனாமி இறாலுக்கும் இம்முறை வந்து சேர்ந்தது. கடற்கரை மாவட்டங்களில் பல குடும்பங்களின் பிழைப்பும், நாட்டின் ஏற்றுமதி வருவாயும் இந்தக் குஞ்சுகளைச் சார்ந்தே உள்ளன.

ஆனால் இப்பயனுக்கு ஒரு விலை உண்டு. கண்காம்பு சூலகத்தை மட்டும் ஆள்வதன்று. இறால் எப்போது ஓடு உரிக்க வேண்டும், குருதியில் சர்க்கரை எவ்வளவு இருக்க வேண்டும், உடல் நிறம் எவ்வாறு மாற வேண்டும் என்பவற்றையும் அதுவே ஆள்கிறது. ஒரு தடையை நீக்கப் புகுந்து பல ஒழுங்குகளை நாம் குலைத்துவிடுகிறோம். அடுத்தடுத்து முட்டையிடும் தாய் நாளடைவில் நலிகிறது. முட்டைகளின் தரமும் குன்றக்கூடும். ஓர் உயிரின் கண்ணைப் பறித்து அதன் பருவத்தை விரைவுபடுத்துதல் முறையா என்னும் கேள்வியும் எழுகிறது. இக்கேள்வியை உணர்ச்சிப் பேச்சு என்று ஒதுக்கிவிடலாகாது. அறிவியலாரே இன்று அதனைக் கேட்கின்றனர். தலைமுறை தலைமுறையாக வளர்ப்பில் பழகிய இறால்களுக்கு நல்ல இரையும் ஏற்ற சூழலும் தந்து, காம்பை நீக்காமலே முட்டையிடச் செய்யும் முயற்சிகள் பல நாடுகளில் நடைபெறுகின்றன. தடைசெய்யும் ஹார்மோனின் மரபணுச் செய்தியை மட்டும் அடக்கி, கண்ணைக் காக்கும் வழியைத் தாய்லாந்து ஆய்வாளர் புலி இறாலில் காட்டியுள்ளனர். தடை இன்னது என்று நுட்பமாக அறிந்த பின்னர், அதனைக் கத்தியால் அறுக்க வேண்டிய தேவை குறைந்துகொண்டே வருகிறது. அறிவு வளர வளரக் கொடுமை குறையலாம் என்பதற்கு இது ஒரு நல்ல சான்று.

எலிக்கும் குரங்குக்கும் இதுவே பொருந்தும். ஒரு காலத்தில் நம் நாட்டு ரீசஸ் குரங்குகள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அயல்நாட்டு ஆய்வுக்கூடங்களுக்குக் கப்பலிலும் விமானத்திலும் அனுப்பப்பட்டன. 1978-இல் இந்திய அரசு அவ்வேற்றுமதியைத் தடை செய்தது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், ஆய்வுக்குட்படும் விலங்குகளுக்கு வேண்டாத துன்பம் நேரலாகாது என்று விதிக்கிறது. விலங்கின்றி அறியத்தக்கதை விலங்கைக் கொண்டு சோதிப்பதைத் தவிர்க்குமாறும் அது கூறுகிறது. இன்று பல்கலைக்கழகங்களில் விலங்காய்வைத் தொடங்குமுன் அறநெறிக் குழுவின் இசைவு பெறுதல் வேண்டும். நாளை ஆய்வுக்கூடத்துக்குள் நுழையவிருக்கும் மாணவர்கள் இதனை ஒரு தடங்கலாகக் கருதாமல், ஆய்வின் ஒரு பகுதியாகவே கருதவேண்டும்.

மாணவ நண்பர்களே, இச்செய்தி உங்களைத் தொடாத செய்தியன்று. ஒரே வகுப்பில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும். அடுத்தவனுக்குக் குரலே மாறியிராது. ஒருத்தி முன்னதாகப் பூப்பெய்தியிருப்பாள், மற்றொருத்தி காத்திருப்பாள். இதனைக் கொண்டு கேலி செய்வதும், உள்ளூர வெட்கி வாடுவதும் அறியாமையின் பயன். உணவும் மரபும் சூழலும் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் மதகு திறக்கும் நாளும் வேறுபடுகிறது. பெண் குழந்தைக்கு 8 வயதுக்கு முன்னும் ஆண் குழந்தைக்கு 9 வயதுக்கு முன்னும் பருவக்குறி தோன்றினால் மருத்துவரைக் காண வேண்டும். பெண்ணுக்கு 13 வயதிலும் ஆணுக்கு 14 வயதிலும் அறிகுறியே காணவில்லையானாலும் அவ்வாறே செய்ய வேண்டும். இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட எந்த ஆண்டும் பொதுவாக இயல்பான ஆண்டே. உயரம் தரும், உடலைத் தேற்றும் என்று விளம்பரம் செய்யப்படும் ஹார்மோன் மருந்துகளை மருத்துவர் சொல்லின்றித் தொடாதீர்கள். மணிக்கு ஒருமுறை துடிக்கும் அத்தனை நுட்பமான ஒழுங்கில், அளவறியாது கைவைப்பது பெருங்கேடு.

இளமை என்பது ஆற்றல் இன்மையன்று. ஆற்றல் முழுவதும் உள்ளே இருக்க, உடல் வளர்ந்து வலுப்பெறும் வரையில், அது காத்து வைக்கப்படும் காலமே இளமை. வெள்ளாற்றுக் கழியில் வளரும் சிறு இறால் முதல் நம் வீட்டுக் குழந்தை வரை, இயற்கை இந்த ஒழுங்கைத் தனித்தனி வழிகளில் அமைத்திருக்கிறது. அந்த மதகின் இயல்பை அறிவது நமக்கு உரிமை. அதனை எப்போது திறக்கலாம், எப்போது மூடலாம், எப்போது தொடாமல் விடவேண்டும் என்று சிந்தித்துச் செயற்படுவது நமக்குக் கடமை.